பழையதைக் கிழித்த பிறகே கையெழுத்து

மருந்துக் கடைக்கு மேலே, செங்குத்தான மாடிப்படி ஏறினால் எங்கள் அலுவலகம். வரிக் கணக்கு கொடுக்க வருகிறவர்களுக்கு முன்னறையில் நீள பெஞ்சு. உயில் எழுத வருகிறவர்களுக்கு உள்ளறையில், வக்கீல் சாரின் மேசைக்கு எதிரே, ஒரே ஒரு நாற்காலி. மனைவியானாலும் மகனானாலும் வெளியேதான் உட்கார வேண்டும். "எழுதறவர் மட்டும் உள்ள வாங்க. மத்தவங்க பேப்பர் படிங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மருமகன்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும்.

நான் அவரிடம் தட்டச்சு செய்தவள். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தேன். பேரன் பிறந்த பிறகும் அதே நாற்காலியில்தான் இருந்தேன். வந்தவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம். "உங்களுக்கு அப்புறம் யார் அழுவாங்கன்னு நான் கேக்கல. யார் சண்டை போடுவாங்கன்னு சொல்லுங்க." வந்தவர் திருதிருவென்று விழிப்பார். 'என் அன்பு மகனுக்கு' என்று யாராவது ஆரம்பித்தால் சார் என் பக்கம் திரும்பி, "அன்பை விட்டுடும்மா. ஒருத்தருக்கு அன்புன்னு போட்டா இன்னொருத்தர் கோர்ட்டுக்குப் போவார்" என்பார். எத்தனை பேருடைய அன்பை அப்படி விட்டிருக்கிறேனோ, கணக்கே இல்லை.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புது உயிலில் கையெழுத்துப் போடும் முன் பழைய உயிலைக் கிழித்தாக வேண்டும். 'முந்தைய உயிலை ரத்து செய்கிறேன்' என்று புதியதில் ஒரு வரி எழுதினாலே சட்டத்துக்குப் போதும். அவருக்குப் போதாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மர அறுவை ஆலைக்காரர் இரண்டு உயில்களை வைத்துவிட்டுச் செத்துப்போனார். மூத்த மகனிடம் ஒன்று, இளைய மகனிடம் ஒன்று. அவர்கள் வழக்காடி முடிப்பதற்குள் ஆலையில் இருந்த மரமெல்லாம் மக்கிப்போயிற்று. அதற்குப் பிறகு சார் யாரையும் நம்பவில்லை. பழையதைக் கொண்டுவரச் சொல்வார், பொடிப்பொடியாகக் கிழிக்க வைப்பார், அதன் பிறகுதான் பேனாவையே நீட்டுவார். "இத்தனை வருஷமா என்னத்த கிழிச்சீங்கன்னு யாராவது கேட்டா, சொல்றதுக்கு என்கிட்ட பதில் இருக்கும்மா" என்று அவரே கேலி செய்துகொள்வார்.

அவருடைய வீட்டில் மூன்று பேர். மகன் பள்ளிக்கூடம் போகும் முன்பே சாரின் மனைவி காலமாகிவிட்டார். புருஷனோடு ஒத்துவராமல் தனியே இருந்த சாரின் தங்கை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கொஞ்ச நாளைக்கென்று வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனுக்குச் சோறு, அண்ணன் மகனுக்கு வீட்டுப்பாடம், வாசல் குழாயடியில் ஒரு ரோஜாச்செடி என்று அவர் வயசெல்லாம் அந்த வீட்டிலேயே கரைந்தது. மகன் படித்து, கடல் தாண்டி வேலைக்குப் போனான். அங்கே சொந்தத் தொழில் தொடங்கி, கையைச் சுட்டுக்கொண்டான் என்று பின்னால் தெரிந்தது.

சாரின் உயிலை நான்தான் அடித்தேன். வீடு மகனுக்கு, ஆனால் தங்கை உயிரோடு இருக்கும்வரை அதில் வசிப்பார், அதுவரை விற்கக் கூடாது. இவ்வளவுதான். ஒவ்வொரு வருஷமும் வரி விதிகள் மாறும்போது அதை எடுத்துப் பார்ப்பார். கடைசி வருஷம் ஒரு விதி மாறியது. பழைய வாசகத்தை அப்படியே விட்டால் மகன் கொஞ்சம் வரி கட்ட வேண்டி வரும். சார் அப்போது படுக்கையில் இருந்தார், ஆனால் மூளை மட்டும் பளிச்சென்று இருந்தது. கட்டில் ஓரத்தில் என்னை உட்கார வைத்து நாலு வார்த்தை மாற்றினார். அப்போதும் அக்காவை வெளியே போகச் சொல்லித்தான் கதவைச் சாத்தினோம்.

மறுநாள் காலை போன் செய்தார். "பழசைக் கிழிச்சாச்சு. ஆபீஸ்ல இருக்கற நகலையும் கிழிச்சுடு. நாளைக்குப் புதுசை எடுத்துக்கிட்டு ரெண்டு சாட்சியோட வந்துடும்மா."

நகலைக் கிழித்தேன். மருந்துக் கடைக்காரரையும் பக்கத்து அச்சகக்காரரையும் சாட்சிக்குச் சொல்லி வைத்தேன். அன்று சாயங்காலம் சார் போய்விட்டார்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. நாலு வார்த்தை! மகனுக்கு நாலு காசு வரி மிச்சம் பிடிக்கப் போய், தங்கையின் தலைக்கு மேல் இருந்த கூரையைத் தன் வாயாலேயே பிரித்துவிட்டாரே! யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை மிதித்தது யாரை?

மகன் வந்தான். அலமாரி முழுக்கத் தேடினான். நான் புது உயிலைக் கொண்டுபோய்க் காட்டினேன். நின்றபடியே படித்தான்.

"அப்பா சொன்னதுதானா இது?"

"அவர் சொல்லச் சொல்ல நான் அடிச்சது தம்பி."

"கையெழுத்து இல்லையே."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. உயில் இல்லையென்றால் வீடு முழுக்க மகனுக்குத்தான். அது எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கண் கலங்கியது. "அப்பா என்கிட்ட வாய் விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எப்பவும் கதவைச் சாத்திட்டே இருந்தாரு. எனக்கு அங்க கழுத்து வரைக்கும் கடன். இந்த வீட்டை வித்துக் கட்டறேன்னுதான் தவணை கேட்டு வச்சிருக்கேன்" என்றான். பிறகு, "அத்தையை நடுத்தெருவுல விட்டுட மாட்டேன்" என்றான். விடவில்லைதான். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் பணம் கட்டினான். டாக்டர் வருவார், தோட்டம் இருக்கிறது என்று படம் காட்டினான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மன்னிக்கவும் மனசு வரவில்லை.

அக்கா அவனிடம் ஒன்றுமே கேட்கவில்லை. என்னிடம் மட்டும், "ஊருக்கெல்லாம் எழுதினாரே, எனக்கு ஒரு வரி எழுதலையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் புது உயிலைப் படித்துக் காட்டினேன், கையெழுத்துப் போடுவதற்குள் போய்விட்டார் என்றேன். பழைய உயில் ஒன்று இருந்ததைச் சொல்லவில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அக்கா கிளம்புகிற அன்று நான் போயிருந்தேன். இரண்டு பெட்டி, ஒரு மின்விசிறி. மகன் வாசலில் கார்க்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். சாமான் எல்லாம் போய்க் காலியான அறையில், கட்டில் கிடந்த தடம் மட்டும் தரையில் வெளுப்பாகத் தெரிந்தது. அக்கா அங்கே நின்று, குரலைத் தாழ்த்தி, "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளுங்கக்கா."

"அண்ணன் போன அன்னிக்குக் காலையில ஒரு பழைய காகிதத்தை எடுத்தாரு. கிழிக்கப் பாத்தாரு, கை நடுங்குச்சு. 'என்னால முடியல, நீ கிழி, நல்லாப் பொடிப்பொடியாக் கிழி'ன்னாரு. அவர் பாத்துக்கிட்டே இருந்தாரு, நான் கிழிச்சேன். அவர் காகிதத்தை நான் என்னைக்குப் படிச்சேன், படிக்கல. அது என்ன காகிதம்மா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பழைய கரண்ட் பில்லா இருக்கும்க்கா. எதையும் கிழிக்காமத் தூக்கிப் போட மாட்டாரே அவரு."

அக்கா நெஞ்சில் கை வைத்து நீளமாக மூச்சு விட்டார். வீடு கைவிட்டுப் போன நாளிலிருந்து அந்த முகத்தில் நான் பார்க்காத நிம்மதி.

"அப்பாடா. ஏதாவது முக்கியமானதைக் கிழிச்சுத் தொலைச்சுட்டேனோன்னு இத்தனை நாளாத் தூக்கமே இல்லம்மா எனக்கு."