அனந்தபுரத்தில் எடுத்த தேங்காய்த் துண்டு

இல்லை, கோட்டையில் ஏறவில்லை. மூன்று நாள் செஞ்சியில் இருந்தேன். அக்காவின் கொல்லையிலிருந்தே ராஜகிரி மலை தெரியும். பார்த்ததோடு சரி.

பொங்கல் விடுமுறையில் போனேன். சென்னையிலிருந்து திண்டிவனம் வரை ரயில், பிறகு பதினேழு மைல் பஸ். அக்காவின் வீட்டார் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். மூன்று மாதமாக அவள் வயிற்றில் சோறு தங்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். கதவைத் திறந்தவளை ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. தோள்பட்டையில் ரவிக்கை தொங்கியது.

நான் படிப்பது விலங்கியல். விழுங்கிய கவளத்தின் மேல் அதன்பின் நமக்கு அதிகாரம் இல்லை. உணவுக்குழலின் தசை அதைக் கீழே தள்ளும். இரைப்பை சில மணி நேரம் பிசையும். பிறகு இரைப்பையின் கீழ்வாய் சிறிது சிறிதாகத் திறந்து, கூழை இருபதடிக் குடலுக்குள் விடும். அந்த வாய் திறக்காவிட்டால்? தேர்வில் யாரும் கேட்டதில்லை.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்க்கலாம் என்றேன். மாமா தன் அம்மாவைப் பார்த்தார்.

"கத்தி வெப்பாங்க," என்றார் அத்தை, அக்காவின் மாமியார். "மொதல்ல தொக்கம் எடுத்துப் பாக்கலாம். அதுலயும் நிக்கலன்னா உன் இஷ்டம்."

உள்ளே சிக்கிக்கொண்ட உணவைத் தொக்கம் என்கிறார்கள். அதை உறிஞ்சி எடுக்க ஆள் இருக்கிறது. ஒரு தடவைதானே என்று ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் பிற்பகல் அனந்தபுரம் போனோம். எட்டு மைல், சந்தை நாள், நின்றுகொண்டே பயணம். தொக்கம் எடுக்கும் அம்மாளின் வீட்டு வாசலில் எங்களுக்கு முன் நான்கு பேர்.

"காலேஜு பொண்ணா நீ?" என்று என்னைப் பார்த்தாள். "ஆஸ்டல் சோறு துன்றவளாச்சே, உனக்கும் ஒண்ணு எடுத்துடட்டா?" வரிசை சிரித்தது. அக்காவும் சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான்.

அக்காவின் மேல்வயிற்றில் ஒரு பித்தளைக் குழலை வைத்து மறுமுனையில் உறிஞ்சினாள். வெற்றிலையில் துப்பினாள். நகமளவு தேங்காய்த் துண்டு. வெள்ளையாக, புதிதாக இருந்தது.

"கல்யாண வூட்டுல துன்னியா?"

"ஐப்பசியில," என்றாள் அக்கா.

"அதான். வழிய அடச்சிக்கினு இருந்திருக்குது. இனிமே கல்லைத் துன்னாலும் செரிக்கும், போ."

மூன்று மாதம் வயிற்று அமிலத்தில் கிடந்த தேங்காய்க்கு அந்த நிறம் இருக்காது. சொல்ல வாயெடுத்தேன். அக்கா அழுதுகொண்டிருந்தாள், சந்தோஷத்தில்.

அன்று இரவு அவளை நடுவில் உட்காரவைத்துப் பரிமாறினார்கள். அது அங்கே வழக்கம்: தொக்கம் எடுத்தவர் வீட்டார் முன்னால் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ," என்றார் அத்தை. அன்பாகத்தான். அக்கா சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளமும் இறங்குவதை அவள் கழுத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குனிந்திருந்தாள். இரவுச் சோறு முழுசாக வெளியே வந்திருந்தது. அதற்கடியில் கொத்தவரங்காய். அதை அவள் சாப்பிட்டது முந்தின நாள் காலையில். சிக்கியிருக்கிறது என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. எந்தக் குழலும் எட்டாத இடத்தில் சிக்கியிருக்கிறது.

"சொல்லிடாதடி," என்றாள். "எடுத்தும் நிக்கலன்னா வேஷம் போடறான்னுவாங்க. போன வருசம் பக்கத்து வூட்டுப் பொண்ண அப்படித்தான் அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"நிக்கலன்னா என் இஷ்டம்னு அத்தை சொன்னாங்களே."

"அது தேங்கா வர்றதுக்கு முந்தி."

அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து மூடினாள். பிறகு உள்ளே போய், அத்தை கூப்பிட்டதும் இட்லி சாப்பிட உட்கார்ந்தாள். குணமானவள் என்று காட்டச் சாப்பிட்டுக்கொண்டே பட்டினியில் சாவாள். என் படிப்பு இதைத் தெளிவாகப் பார்க்க உதவியது. வேறெதற்கும் உதவவில்லை.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறுமுன் ராஜகிரி ஏறுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், மேலே கிடைக்காது. விழுப்புரம் சாலையில் பத்து மைல் போனால் மண்டகப்பட்டு, பல்லவர் குடைந்த குகைக்கோயில். காலையில் போனால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். வீட்டில் அனுமதி கேட்பதும் சுலபம். குணமான பெண் தங்கையோடு கோயில் பார்க்கப் போவதை யார் தடுப்பார்கள்?

அன்று காலையே அத்தை பஸ் ஸ்டாண்டு வரை வந்து, மண்டகப்பட்டில் இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் சொல்லி எங்கள் இருவரையும் ஏற்றிவிட்டார். கட்டுச்சோறும் கொடுத்தார். அக்காவிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"மண்டகப்பட்டு வந்துட்ச்சி. எறங்கலியா?" என்று கண்டக்டர் திரும்பினார்.

நான் எழுந்திருக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கட்டுச்சோற்று மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விழுப்புரத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன். அங்கிருந்து புதுச்சேரிக்கு எப்போது வண்டி என்று கேட்டேன்.