ரபீக்காவின் கரிப்பானை

புல்மோட்டையில் பானையின் அடிக்கரியைத் தேய்க்காமல் விட்ட ஒரே பெண் ரபீக்காதான். சோம்பேறி என்று ஊர் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரியான நானும் சொன்னேன்.

அவளுடைய கணவன் அபூதாஹிர் மணல் ஆலையில் மூட்டை தூக்குகிறவன். எங்கள் கடற்கரை மணல் கறுப்பு, உள்ளே கனிமம். பார்க்கத்தான் மணல், தூக்கினால் இரும்பு. எழுபத்துமூன்றாம் ஆண்டளவில் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மாலையில் ஒரு வாளி சுடுதண்ணீர் ஊற்றினால்தான் மறுநாள் நிமிர்வான். இது ஆலைக்குத் தெரியக் கூடாது. முதுகு போனவனுக்கு மூட்டையடியில் என்ன வேலை? அதனால் நோவு வீட்டோடு நின்றது, விறகு மட்டும் ரபீக்காவின் தலையில் ஏறியது. சோற்றுக்கு ஒரு கட்டு, முதுகுக்கு ஒரு கட்டு. காட்டில் கரடி வேறு.

அபூதாஹிர் தினமும் உடுத்த சாரத்து மடிப்பிலும் சட்டைப் பையிலும் ஒரு பிடி கருமணலோடு வருவான். அவன் எடுத்து வருவதில்லை, அதுதான் அவனை விடுவதில்லை. ரபீக்கா திட்டிக்கொண்டே முற்றத்து மூலையில் சாரத்தை உதறுவாள். ஒரு நாள் மத்தியானம் வெறுங்காலோடு அந்த மூலையை மிதித்து அவள் போட்ட சத்தத்தில் என் கோழிகள் வேலி தாண்டிப் பறந்தன. ஓடிப்போய்ப் பார்த்தால், காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

அதற்குப் பிறகு சாரம் வேறெங்கும் உதறப்படவில்லை. இரண்டு வருடத்தில் அரைச் சாக்கு மணல் சேர்ந்தது. காலையில் அதை வெயிலில் பரப்புவாள். கரி ஏறிய அலுமினியப் பானையில் தண்ணீர் நிரப்பி, மேலே உடைந்த ஜன்னல் கண்ணாடியை வைப்பாள். மத்தியானம் காய்ந்த மணலைப் பானையைச் சுற்றி அணைப்பாள். வெயில் சாய்ந்ததும் பழைய சாக்கால் போர்த்திவிடுவாள். கணவன் வரும்போது தண்ணீரில் ஆவி பறக்காது, ஆனால் முதுகுக்குப் போதுமான சூடு இருக்கும். கறுப்புத்தான் வெயிலை இழுக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கால் சொன்னது. விறகுக் கட்டு ஒன்றாகியது.

என் வீட்டுக்காரர் ஹிஸ்புல்லாவுக்கு வாயில் எதுவும் நிற்காது. தேத்தண்ணிக் கடையில் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள், ஆலை மேற்பார்வையாளர் பாக்கியரத்தினம் அபூதாஹிரையும் கூட்டிக்கொண்டு ரபீக்காவின் முற்றத்தில் வந்து நின்றார். ஆலை மணலை வீட்டுக்குக் கொண்டுபோனால் வேலை போய்விடும். நான் வேலியோடு ஒட்டிக்கொண்டேன்.

“இது ஆலை மணல்தானே, தங்கச்சி?”

“ஓம் ஐயா. நான் கேட்டு வரேல்ல. இவர்ர சாரத்தில வந்தது. இவர்ர காதுக்குள்ளயும் கிடக்கு, தலகணிக்குள்ளயும் கிடக்கு. எடுக்கிறதெண்டா எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “சுடுதண்ணி ஆருக்கு?”

உண்மையைச் சொன்னால் களவுப் பழி போகும், கூடவே வேலையும் போகும்.

“எனக்குத்தான் ஐயா. இடுப்பு நோ. இருந்தா எழும்ப ஏலாது.”

“சரி, களவில்லை எண்டு விளங்குது. ஆனா மணல் திரும்பி வரோணும். அபூதாஹிர், சாக்கில அள்ளித் தூக்கும்.”

அபூதாஹிர் எப்படியோ அள்ளி முடித்தான். தூக்கக் குனிந்தவன் சாக்கில் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டான். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. ரபீக்கா அவனை ஒதுக்கிவிட்டு, சாக்கை ஒரே மூச்சில் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வாசல் படலை வரைக்கும் நடந்தாள்.

“எங்க வைக்கோணும் ஐயா?” என்று கேட்ட பிறகுதான் தன் இடுப்பு நோ அவளுக்கே ஞாபகம் வந்தது.

முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு நான் பார்த்திருந்தேன். பாக்கியரத்தினம் அவளைப் பார்த்தார். இன்னும் நிமிராமல் நின்ற அவனைப் பார்த்தார்.

“இறக்குங்கோ தங்கச்சி. இடுப்பு நோக்காரி மூட்டை தூக்கப்படாது. மணல் இஞ்சயே கிடக்கட்டும்.”

அடுத்த கிழமை அபூதாஹிரைச் சாக்கு வாய் தைக்கிற வேலைக்கு மாற்றினார்கள். இருந்தபடி செய்கிற வேலை. ஏன் மாற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. என் பானையையும் நான் இப்போது தேய்ப்பதில்லை.

பாக்கியரத்தினம் ஓய்வு பெறும்வரை ரபீக்காவைக் கண்ட இடமெல்லாம் சைக்கிளை மெதுவாக்கி, “இடுப்பு எப்பிடித் தங்கச்சி?” என்று கேட்பார். உடனே அவள் இடுப்பில் கையை வைத்து நொண்டத் தொடங்குவாள். அவருடைய சைக்கிள் கண்ணுக்கு மறையும்வரை நொண்டிக்கொண்டே போவாள்.