போ-வுக்கும் வா-வுக்கும் நடுவே

போன வாரம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு முகம் வரைந்தேன். பக்கவாட்டு முகம் — மூக்கு, உதடு, பல், அண்ணம், நாக்கு, தொண்டை. ஆங்கில ஒலிகள் வாயில் எங்கே பிறக்கின்றன என்ற பாடம். நான் வரைந்தது பாதி ஆளாகவும் பாதி மீனாகவும் வந்திருந்தது. வகுப்பே சிரித்தது.

"இதெல்லாம் எதுக்கு சார்? பேசத்தான் எங்களுக்குத் தெரியுதே" என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

பரீட்சைக்கு வரும் என்று சொல்லிச் சமாளித்தேன். வேறென்ன சொல்ல? இந்தப் படத்தை வைத்துக்கொண்டு நானும் சூசையும் பட்ட பாட்டை அவனிடம் சொல்ல முடியுமா... உங்களிடம் சொல்கிறேன்.

சூசை என் எதிர்வீட்டுக்காரன். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டல் — கப்பலுக்குக் கேப்டன் மாதிரி, தோணிக்குத் தண்டல். காற்றையும் அலையையும் மீறிக் கத்திப் பழகிய தொண்டை. வீட்டுக்குள் அவன் உப்புக் கேட்டால் தெருவுக்கே கேட்கும். வாயில் புகையிலை இல்லாத நேரம் கிடையாது. போன வருஷம் நாக்கில் ஒரு புண் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் புற்று என்றார்கள். ஏறக்குறைய முழு நாக்கையும் எடுத்துவிட்டு அனுப்பினார்கள்.

தெரு அமைதியாகிவிட்டது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சிலேட்டும் கையுமாக என்னிடம் வந்தான். எழுதிக் காட்டினான்: 'வாத்தியாரே, ரீத்தாவ அனுப்பும்போது வாயால சொல்லணும். போயிட்டு வா. அது போதும்.'

ரீத்தா அவனுடைய ஒரே மகள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. நோய் மறுபடி வராது என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அவள் அடுத்து ஊருக்கு வரும்போது அவன் இருப்பானா?

நம்மில் யார் யாரை வெறும் 'போ' என்று வழியனுப்புகிறோம்? அதுவும் கடலுக்குப் போகிற வீடு. கரையில் நிற்பவர் 'போயிட்டு வா' என்று சொல்லாமல் அவன் தோணி ஏறியதே கிடையாது.

பாடப் படத்தை விரித்தேன். மெய்யொலியை விவரிக்க ஆங்கிலத்தில் மூன்று கேள்விகள் கேட்பார்கள். வாயில் எந்த இடம்? காற்று எப்படித் தடைபடுகிறது? தொண்டை அதிர்கிறதா? 'பி'க்கும் 'எம்'முக்கும் இரண்டு உதடு போதும். 'எஃப்', 'வி' — மேற்பல்லும் கீழுதடும். 'டி', 'எல்', 'என்', 'கே'... எல்லாவற்றுக்கும் நாக்கு வேண்டும். உயிரொலிகள்கூட நாக்கு ஏறி இறங்குவதில்தான் மாறுகின்றன. 'ஈ'க்கு நாக்கின் முன்பக்கம் மேலே எழவேண்டும். 'ஓ'வை உதட்டைக் குவித்து ஒப்பேற்றலாம். 'ஆ'வுக்கு வாயைத் திறந்தால் போதும்.

ஆக, சூசைக்கு 'போ' வரும். 'வா' வரும். நடுவில் உள்ள 'யிட்டு' வரவே வராது.

"பேசாம 'வா'ன்னு மட்டும் சொல்லிரும்வே" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு எழுதினான்: 'போகாம எப்படி வருவா?'

சரி. 'போ', ஒரு சின்ன இடைவெளி, 'வா' — இதுதான் திட்டம். ஆங்கிலச் சொல்லின் முதலில் 'பி' வந்தால் காற்று வெடித்து வெளியே வரும். உதட்டுக்கு முன்னால் தாளைப் பிடித்தால் ஆடும். நம் 'ப'வுக்கு அவ்வளவு காற்று கிடையாது. ஆனால் நாக்கில்லாத சூசையின் 'போ' தெளிவாகக் கேட்க அந்த வெடிப்புத் தேவைப்பட்டது. காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அதை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கப் பழகினான்.

அவன் மனைவி பிலோமி வந்து நின்றாள். "அண்ணாச்சி, கல்யாணத்த வச்சிக்கிட்டு வீட்டுக்குள்ள எந்நேரமும் 'போ, போ'ங்காவ. 'வா' வாரதுக்குள்ள மூச்சு வாங்குது. எனக்குக் கேக்க முடியல." எனக்கும்தான் கேட்க முடியவில்லை.

ஆனாலும் பழகிவிட்டான். கல்யாணத்துக்கு முந்தின நாள் என் வீட்டு வாசலில் நின்று 'போ... வா' என்று சொல்லிக் காட்டினான். சுத்தமாக இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணம் முடிந்தது. ரயிலடியில் ரீத்தா ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விசில் ஊதியது. சூசை வாயைத் திறந்தான்.

"போ."

பெட்டியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு தெளிவு. அடுத்து 'வா'. அதற்குக் கீழுதடு மேற்பல்லில் ஒரு கணம் நிலையாக நிற்கவேண்டும். நிற்கவில்லை. உதடு நடுங்கியது, கோணியது. அழுகிறபோது உதடு நம் பேச்சைக் கேட்காது என்று எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லையே. ரயில் நகர்ந்தது. ரீத்தா கையை நீட்டியபடியே போனாள்.

கடைசிப் பெட்டியும் மறைந்தபிறகு, காலிப் பிளாட்பாரத்தில் நின்று சூசை சொன்னான்.

"வா."

பிலோமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இதை மகளுக்கு எழுதுகிறேன் என்றேன். சூசை தடுத்துவிட்டான். அவள் வரும்போது தன் வாயாலேயே சொல்வானாம். அதற்காகத் தினமும் பழகினான்... நோய் திரும்பி வந்து, உதட்டை அசைக்கவும் தெம்பில்லாமல் போகும்வரை.

போன மாதம் இறந்துபோனான். தந்தி கிடைத்து ரீத்தா வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். வழியில் சொன்னாள்.

"மாமா, அன்னைக்கி அப்பா என்னைப் 'போ'ன்னு மட்டும்தான் சொன்னாவ. அது நெஞ்சுக்குள்ளயே கெடக்கு."

"இல்லம்மா. ரயில் போனதுக்கு அப்புறம் 'வா'ன்னு சொன்னாரு. நான் கேட்டேன். உங்க அம்மையும் கேட்டா."

கல்லறைக்கு வந்து சேர்ந்தோம். புது மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, மண்ணைப் பார்த்துச் சொன்னாள்:

"வந்துட்டேம்ப்பா."

அவள் வந்துவிட்டாள். கூப்பிட்டவன்தான் இல்லை.