மருமகனின் மூன்று நட்சத்திரங்கள்

என் தங்கச்சியின் மகனுக்கு மூன்று நட்சத்திரம் கிடைத்த செய்தியை நான் பஸ்ஸில் வைத்துத்தான் அறிந்தேன். மொன்றியலில், சென்ட் லோரன்ட் பக்கத்து மருந்துக் களஞ்சியத்தில் வேலை முடித்து வந்துகொண்டிருந்தேன். குடும்ப வாட்ஸப்பில் தங்கச்சி ஒரு படம் போட்டிருந்தாள். தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி பெடியன் நிற்கிறான், பக்கத்தில் மூன்று மஞ்சள் நட்சத்திரம். கீழே லண்டன் சித்தப்பாவிலிருந்து டொரன்டோ மாமி வரை எல்லோரும் வாழ்த்தித் தள்ளியிருந்தார்கள். நானும் ஒரு பெருவிரலைப் போட்டுவிட்டு ஃபோனைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். வயிறு பற்றி எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

காலால் உதைக்கிற ஃபுட்போல் இல்லை இது. தோளில் கவசம் கட்டி, ஆளை ஆள் முட்டி விழுத்துகிற அமெரிக்க ஃபுட்போல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதற்கென்றே பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, படிப்புச் செலவையும் கொடுத்து எடுக்கும். எந்தப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரன் என்று பார்த்து நட்சத்திரம் போடுவதையே தொழிலாக வைத்திருக்கிற இணையத்தளங்கள் உண்டு. கூடினது ஐந்து. என் மகனும் மருமகனும் ஒரே வயது, ஒரே கல்லூரி, ஒரே அணி. எதிராளியை உடைத்துக்கொண்டு போகிற அதே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள். என் மகனின் பெயரே அந்தத் தளத்தில் இல்லை. எழுத்தை மாற்றி மாற்றித் தேடியும் பார்த்தேன்.

தங்கச்சிக்கு ஏற்கெனவே அஹுன்ட்சிக்கில் சொந்த வீடு. நாங்கள் இன்னும் வாடகைக்கு. அதைப் பொறுத்துக்கொண்டேன். இது மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

அன்று தொடங்கியதுதான் என் ஆராய்ச்சி. வேலையால் வந்து சாப்பிட்டுவிட்டு, பழைய வருடங்களின் பட்டியல்களைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவேன். ஐந்து நட்சத்திரம் வாங்கியவன் ஒருவன் இரண்டாம் வருடத்திலேயே காணாமல் போயிருந்தான். ஒரு நட்சத்திரமும் இல்லாதவன் இன்னொருவன் பெரிய அணியில் ஆடிக்கொண்டிருந்தான். "பாத்தியே, எல்லாம் புலுடா!" என்று மனைவிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் மொத்தமாகப் பார்த்தால், நிறைய நட்சத்திரம் வாங்கியவர்களில்தான் நிறையப் பேர் மேலே போயிருந்தார்கள். அதை அவளுக்குக் காட்டவில்லை.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். மருமகனை ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் விசாரித்த பிறகுதான் நட்சத்திரம் ஏறியிருந்தது. அதாவது, மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டிய பிறகு பெண் வடிவு என்று சொல்கிற ஆட்கள் இவர்கள். ஒருவனாவது மொன்றியலுக்கு வந்து பெடியனைப் பார்த்தானா? இல்லை. பெடியன் தானே வெட்டி ஒட்டி அனுப்பிய வீடியோவைப் பார்த்தார்கள். அதில் அவன் விழுகிற இடம் ஒன்றாவது இருக்குமா?

மனைவி கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னாள்: "இஞ்சேருங்கோ, உங்கட மருமகன்தானே? ஊரான்ர பிள்ளையே? விசர்க்கதை கதைச்சுக்கொண்டு."

"நான் பெடியனைக் குறை சொல்லேல்லை. அந்த நட்சத்திரத்தைத்தான் சொல்லுறன்."

"ஓம் ஓம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு."

பெரிய ஆதாரம் தங்கச்சி வீட்டிலேயே கிடைத்தது. அவளுடைய சின்னவளின் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். எங்கள் வீடுகளில் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போவது? மருமகனும் வெறுங்காலோடு நின்றான். தளத்தில் போட்டிருந்த உயரம் ஆறடி மூன்று அங்குலம். பகிடிபோல என் மகனை அவனோடு முதுகுக்கு முதுகு நிற்க வைத்தேன். இரண்டு பேரும் ஒரே உயரம்! என் மகன் ஆறடி ஒன்று. அவர்கள் அவனை அடியில் கட்டை வைத்த விளையாட்டுச் சப்பாத்தோடு அளந்திருக்கிறார்கள். அன்று கேக் எனக்கு இனித்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அந்தச் சந்தோசம் கொஞ்ச நாள்தான். தங்கச்சி ஃபோன் எடுத்தாள்.

"அண்ணை, அமெரிக்காவிலயிருந்து அந்த யூனிவர்சிற்றிக் கோச் ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாறாராம். நீங்கள் கட்டாயம் வரவேணும். எங்களுக்கு அந்தளவு இங்கிலிஸ் வராது தெரியும்தானே."

தங்கச்சிக்கும் மச்சானுக்கும் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. இங்கிலிஸ் என்றால் நாக்கு மடங்காது.

"ஏன், பெடியன் கதைப்பான்தானே?"

"தன்னைப் பற்றித் தானே கதைக்கிறதே? இப்பிடி ஒரு விசயத்துக்குப் பெரியாக்கள்தான் முன்னுக்கு நிண்டு கதைக்கவேணும். தாய்மாமன் நீங்கள் இருக்கேக்கை வேற ஆர்?"

தாய்மாமன் என்று சொன்னால் அதற்கு மேல் என்ன பேசுவது? போனேன். மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஏன் கூட்டிப் போனேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வந்தவர் பெரிய மனிதர், கதவை நிறைத்துக்கொண்டு நின்றார். எங்கள் சப்பாத்துகளைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் கழற்றினார். தங்கச்சி சுடச்சுடப் பொரித்த ரோல்ஸும் பற்றிஸும் வைத்தாள். அவர் கேட்பதை நான் தமிழில் சொன்னேன், தங்கச்சியும் மச்சானும் சொல்வதை இங்கிலிஸில் சொன்னேன். பெடியன் நேரத்துக்கு எழும்புவானா, தாய் சொல் கேட்பானா, தோற்றால் என்ன செய்வான் என்றெல்லாம் கேட்டார். பெடியனைப் பற்றித் தங்கச்சி சொன்ன நல்லதையெல்லாம் என் வாயாலேயே சொல்லவேண்டி வந்தது. ஒவ்வொன்றும் கசாயம் குடித்ததுபோல இருந்தது. அதிலும் எல்லாம் உண்மை.

இடையில் என்னுடைய கேள்வி ஒன்றைச் செருகினேன். இந்த நட்சத்திரங்களை நீங்கள் நம்புகிறீர்களா?

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உயரத்தில் எப்போதும் இரண்டு அங்குலம் குறைத்துத்தான் பார்ப்போம் என்றார். நாங்கள் ஒரு பிள்ளையைத் தேடிப்போன பிறகுதான் அவர்கள் நட்சத்திரத்தை ஏற்றுவார்கள், நாங்கள் முழு ஆட்டத்தையும் எங்கள் கண்ணாலேயே பார்ப்போம் என்றார்.

என் நெஞ்சு குளிர்ந்தது. நான் சொன்னது எல்லாம் சரி! ஒன்று விடாமல் சரி! அந்தச் சந்தோசப் புளுகத்தில், தங்கச்சிக்கு அதை மொழிபெயர்க்கவும் மறந்து, அடுத்த கேள்வியைக் கேட்டேன். அப்படியென்றால், நட்சத்திரமே இல்லாத ஒரு பிள்ளையையும் நீங்கள் எடுக்கலாம்தானே? அதோ இருக்கிறானே என் மகன், அதே வரிசையில் நிற்கிறவன், அவனையும் அந்த ஆட்டங்களில் பார்த்திருப்பீர்கள்தானே?

பார்த்தேன் என்றார். மகனைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். நல்ல பிள்ளை, கடும் உழைப்பு. ஆனால் கால் வேகம் காணாது. அது பழக்கி வருவதில்லை. எங்களுக்குச் சரிவராது, வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் சரிவரும் என்று நினைக்கவில்லை. பொய் சொல்லி அவனைக் காத்திருக்க வைக்க எனக்கு விருப்பமில்லை என்றார்.

என் மகனுக்குத் தமிழைவிட இங்கிலிஸ் நன்றாக விளங்கும். அவன் கையிலிருந்த ரோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தான்.

தங்கச்சி ஆவலோடு முன்னுக்குக் குனிந்தாள். "அண்ணை, உங்கட மகனைப் பற்றி என்னவோ சொல்லுறார் போல. என்னவாம்?"

"நல்ல பெடியனாம்" என்றேன். "கடுமையா உழைக்கிறானாம்."

"பேந்து?"

"பேந்து... அடுத்த வருசம் பாப்பம் எண்டார்."

"கடவுளே, ரெண்டு பேரும் ஒண்டாப் போனால் எவ்வளவு நல்லாயிருக்கும்!" என்று தங்கச்சி கையைக் கூப்பினாள். உண்மையாகவே சந்தோசப்பட்டாள். மச்சான் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சந்தேகத்தோடு தன் மகனின் பக்கம் திரும்பினார். "அப்பிடியே தம்பி சொன்னவர்?"

மருமகன் என்னைப் பார்க்கவில்லை. என் மகனைத்தான் பார்த்தான்.

"ஓம் அப்பா" என்றான். "மாமா சொன்னதுதான். அடுத்த வருசமாம்."

அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் மகன் எட்டி மருமகனின் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். இப்படியொரு பிள்ளை என் தங்கச்சிக்குப் பிறந்திருக்கிறானே என்று, அதுவரை எரியாத இடமெல்லாம் எனக்கு எரிந்தது.