குன்வோர் ஓடுவதில்லை

கடைத்தெருவில் குன்வோர் நடப்பதில்லை, ஊர்கிறாள். பால் வாங்க ஊர்கிறாள். தபால் எடுக்க ஊர்கிறாள். மழை பிடித்துக்கொண்டு ஊரே தலைதெறிக்க ஓடும்போதும், ஒரு பாதத்தை முழுதாக ஊன்றி, யோசித்து, அடுத்ததை எடுத்து வைக்கிறாள். ஸ்டெய்ன்விக் ஊர் இதற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டது: அவளுடைய முழங்கால் இரண்டும் போய்விட்டன, வேலை போய்விடும் என்று மறைக்கிறாள்.

"மூட்டு போச்சுன்னா மேல ஏறி யாரு அளக்கறா? ஆடா?" என்றாள் கடைக்கார ஓடில்.

கேள்வி நியாயமானது. ஊரின் தலைக்கு மேல், ஃபியோர்டு என்கிற குறுகிய கடல்கழியை எட்டிப்பார்த்தபடி துருத்திக்கொண்டிருக்கிறது தாடை என்கிற மலை. அதன் முன்பாதி மலையை விட்டுப் பிரிந்து கீழே வந்துகொண்டிருக்கிறது. கோடையில் தலைமுடி வளரும் வேகம். இலையுதிர்கால மழையில் இன்னும் அவசரம். பிளவின் இரு உதடுகளுக்கு நடுவே கம்பி கட்டி அந்த நகர்வை அளப்பதுதான் குன்வோரின் உத்தியோகம். முன்பு ஆஸ்பத்திரியில், பக்கவாதம் வந்தவர்கள் மறுபடி நடக்கப் பழகுவதை அளந்தாள். பிறகு காற்றில் பாலங்கள் ஆடுவதை. "மனுஷனோ பாலமோ மலையோ, நகர்றது தப்பில்ல. வேகம் கூடுதான்னு பாக்கணும், அவ்ளோதான்" என்பாள்.

வதந்தியைச் சரிபார்க்கும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, இங்வால்ட் ஏற்றுக்கொண்டார். தாடைக்கு நேர் கீழே வீடு, கொஞ்சம் செம்மறிகள், நல்ல தூரக்கண்ணாடி, மனைவி போனபின் நிறைய நேரம். ஒரு காலையில் கண்ணாடியை மலைமேல் திருப்பினார். பிளவு தெரிந்தது. தேவாலயத்தைக் கோபுரத்தோடு அதற்குள் இறக்கி வைக்கலாம். விளிம்பில் ஓர் எறும்பு. எறும்பு தாவியது. ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு. பிறகு மண்டியிட்டு, காய்ச்சல் பார்ப்பதுபோல் பாறைமேல் உள்ளங்கையை வைத்தது.

சாயங்காலம் வேலியோரம் அவளை மடக்கினார். "மேல ஆடு மாதிரி குதிக்கற. கீழ வந்தா மட்டும் என்ன கல்யாணப்பொண்ணு நடை?"

"கடிகாரத்த மறந்துட்டீங்களா?" என்றாள்.

இங்வால்டின் காது சிவந்தது. குன்வோர் வந்த புதிதில், படகு கிளம்பிவிடப்போகிறதே என்று ஒருநாள் தெருவில் ஓடினாள். துறையில் திரும்பிப் பார்த்தால் பின்னால் பாதி ஊர்: கூடையில் பூனைகள், பாதி வெந்த மீனுடன் சட்டி, சுவர்க்கடிகாரத்தை அணைத்தபடி இங்வால்ட். அவள் போனது பல் வைத்தியரிடம்.

"நான் மலையப் பாக்கறேன். நீங்கல்லாம் என்னைப் பாக்கறீங்க. நான் எங்க ஓடறது?"

அக்டோபரில் மழை விடவே இல்லை. ஊரார் கைபேசிகளெல்லாம் ஒருசேர அலறின: உடனே வெளியேறவும். எல்லோரும் போனார்கள். இங்வால்ட் போகவில்லை. வருடாவருடம் இதே கூத்து. விடுதிக் கட்டில், உப்பில்லாத சூப்பு, திரும்பி வந்தால் மலை அப்படியே. போன தடவை பார்க்க ஆளில்லாமல் ஓர் ஆடு செத்தது. கதவைத் தட்டிய போலீஸ்காரரிடம், "தாடை எங்கப்பாவையும் இப்படித்தான் மிரட்டுச்சு. நீ போய்யா, காப்பி ஆறுது" என்றார்.

சமையலறையில் உட்கார்ந்து கோப்பையை எடுத்தபோது, புல்வெளியில் ஏதோ அசைந்தது.

குன்வோர் ஓடி வந்துகொண்டிருந்தாள். கைகள் ஒரு பக்கம், முடி ஒரு பக்கம். சேற்றில் ஒரு காலணி மாட்டிக்கொண்டது, அவள் நிற்கவில்லை.

இங்வால்ட் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். அடுப்பை அணைத்தார். பட்டியைத் திறந்துவிட்டார். கோட்டை எடுத்தார். வாசலில் மூச்சிரைத்து நின்றவளின் ஈரக் காலுறையைப் பார்த்து, தன் ரப்பர் காலணியில் ஒன்றைத் தள்ளினார்.

"மாட்டிக்க. தொளதொளன்னுதான் இருக்கும்."

"அப்புறம் தரேன்."

"தருவ, தருவ. இப்ப நட... இல்ல, ஓடு!"

படகில் எதிர்க்கரை சேர்ந்து, குன்றின்மேல் ஊராரோடு நின்று பார்த்தார்கள். முதலில் சத்தமே இல்லை. தாடையின் ஓரம், யாரோ மெல்ல வாய் திறப்பதுபோல், மலையிலிருந்து விலகியது. நின்ற மரங்கள் நின்றபடியே இறங்கின. அப்புறம்தான் சத்தம் வந்தது. காதுக்கு அல்ல, கால் வழியாக. ஃபியோர்டு எழுந்து நின்று, தயங்கி, உட்கார்ந்தது. ஓடில் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்தாள். குன்வோர் அழுதுகொண்டே பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

விழுந்தது ஓரம் மட்டும்தான். பனி உறைந்து மலை அடங்கியபின் ஊர் திரும்பியது. இங்வால்டின் ஆடுகள் மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. வீட்டில் சமையலறை இல்லை. அந்த இடத்தில் ஒரு பாறை உட்கார்ந்திருந்தது. முன்னறை மிச்சம்.

இங்வால்ட் கொடுத்த காலணி இன்னும் திரும்பி வந்து சேரவில்லை. "கேட்டு வாங்கறதுதானே?" என்று ஓடில் சீண்டினால், "அவகிட்டயே கெடக்கட்டும்" என்கிறார். அதன் ஜோடி கதவோரம் தனியாக நிற்கிறது.

தினமும் காலையில் குன்வோர் தெருமுனையில் தெரிந்ததும், இங்வால்ட் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வருகிறார். அவள் அவருடைய வேலியை நெருங்குகிறாள். வழக்கத்தைவிட மெதுவாக ஒரு பாதத்தை முழுதாக ஊன்றி, யோசித்து, அடுத்ததை எடுத்து வைக்கிறாள். அந்த அடி தரையில் படியும்வரை பார்த்திருந்துவிட்டு, அவர் கோட்டைத் திரும்ப ஆணியில் மாட்டுகிறார்.