உள்ளறைக் கம்ப்யூட்டர்

ஞானமணிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஆன் மேரி. இளையவன் அந்தோணி பிரபு, சிவகங்கையில் கோர்ட்டு வேலை. தம்பிக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் ஆயிற்று. அக்காவைப் பார்க்க வந்த மாப்பிள்ளைகளெல்லாம் காபி குடித்ததோடு சரி. காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டுப் பின்கட்டில் தாயும் மகளும் வாடகைக்கு இருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடுகளை டைப் அடித்துக் கொடுப்பது ஆன் மேரியின் பிழைப்பு. அதற்கென்று வாங்கியது, மெட்ராஸ் கம்பெனி ஒன்று கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டருக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று அப்போது ஊரே சொன்னது. ஏசிக்கு எங்கே போவது? வெயில் எட்டிப் பார்க்காத உள்ளறையில், கனத்த சுண்ணாம்புச் சுவர்களுக்கு நடுவே அதை வைத்தாள். சித்திரையிலும் அங்கே தரை சில்லென்றிருக்கும்.

அது ஒருநாள் எழும்பும், ஒருநாள் எழும்பாது. விளக்கெல்லாம் எரியும்; திரையில் ஏதோ இங்கிலீஷில் காட்டிவிட்டு அப்படியே நிற்கும். பஸ் ஸ்டாண்டு எதிரே தகரக் கொட்டகையில் கடை வைத்திருந்த மெக்கானிக் ரிஸ்வான் ஒயரை மாற்றினான். உள்ளே இருந்த கார்டுகளைக் கழற்றி ரப்பரால் துடைத்து மாட்டினான். கடைக்குக் கொண்டுபோனால் சுவிட்சின் முதல் தட்டிலேயே எழும்பும். வீட்டுக்கு வந்ததும் முறுக்கிக்கொள்ளும்.

"யக்கா, மெசின் நல்லாத்தான் இருக்கு. கோளாறு உங்க வீட்டுலதான். ஓதித்தான் ஊதணும்."

"உங்க ஹஜ்ரத்தக் கூப்பிடவா, எங்க சாமியாரக் கூப்பிடவா தம்பி?"

"யார வேணும்னாலும் கூப்பிடுங்க. அதுவரைக்கும், எந்திரிச்சுட்டா மட்டும் அணைக்காதீக."

அணைக்கவில்லை. கரண்டு போய் வந்தவுடன் தட்டினால் எழும்பிவிடும். கொஞ்ச நேரம் விட்டால் போச்சு. கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யார் கண்டது? கோயிலுக்குப் போவது நின்றது. கடைத்தெரு நின்றது. அடுப்படியில் நின்றாலும் காது உள்ளறையிலேயே இருந்தது.

"மாப்பிள்ளை அமையலன்னு அதுக்கு வாக்கப்பட்டுட்டியாத்தா?" என்றாள் ஞானமணி.

"இது காபி கேக்காதுல்லம்மா."

மார்கழியில் பிரபுவின் மகளுக்கு ஞானஸ்நானம் வைத்தார்கள். "ஞானத்தாய் நீதான்க்கா. பிள்ளைய நீதான் ஏந்தி நிக்கணும், வேற யாரும் கை நீட்டக்கூடாது" என்று அவனே வந்து சொல்லிப் போனான். தனக்கென்று ஒரு பிள்ளை, பேருக்காவது. அதை நினைத்துக்கொண்டே சமைத்தாள், அதை நினைத்துக்கொண்டே டைப் அடித்தாள். சடங்கு ஞாயிறு காலைப் பூசையில். திங்கள் காலையில் ஒரு மாணவியின் ஆய்வேடு கல்லூரிக்குப் போயாக வேண்டும். கடைசி அத்தியாயம் பாக்கி. சிவகங்கை போய்த் திரும்பி வந்து அடித்துவிடலாம், கம்ப்யூட்டர் பெட்டி எழும்பினால்.

சனிக்கிழமை போன கரண்டு வெகுநேரம் வரவில்லை. வந்தபோது பெட்டி எழும்பவில்லை.

மறுநாள் விடிகாலையில் ஞானமணி பட்டுச்சேலை கட்டி நின்றாள். "கெளம்புத்தா. மொத பஸ்ஸ விட்டா பூசை முடிஞ்சுரும்."

ஆன் மேரி பெட்டியின் மேல் கை வைத்தாள். பனிக்கட்டியாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரிஸ்வான் கடை அடுப்பாகக் கொதிக்கும். கரண்டு வந்தவுடன் தட்டினால் எழும்புவதும் சூடு ஆறாததால்தான். இத்தனை நாளும் இதற்கு ஆகாதது குளிர்தான்.

"வெயில்ல வச்சா எந்திரிச்சுரும்மா."

"வச்சுட்டு வா."

வெயில் ஏறுமுன் பஸ் போய்விடும். சாயங்காலம் திரும்பும்போது வெயில் இறங்கிவிடும். நினைத்தது தப்பாகிவிட்டால் அந்த மாணவியின் படிப்பு?

"நீ போம்மா."

"பிள்ளைய யாருடி தூக்குறது?"

ஆன் மேரி ஒயர்களைக் கழற்ற ஆரம்பித்தாள். ஞானமணி செருப்பை மாட்டினாள். "சரி, நீ பெட்டிக்கு ஞானஸ்நானம் குடுத்துக்கிட்டு இரு."

பெட்டியையும் திரையையும் மாடித் தகரக் கொட்டகைக்குத் தூக்கிப் போனாள். உச்சி வெயிலில் சுவிட்சைத் தட்டினாள். எழும்பியது. நம்பாமல் அணைத்துவிட்டுத் தட்டினாள். மறுபடியும் எழும்பியது. இனி எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம். சிவகங்கையில் அந்நேரம் பந்தி நடந்துகொண்டிருக்கும். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்துக்கு உட்கார்ந்தாள்.

அந்தப் பிள்ளைக்கு ஞானத்தாய், பிரபுவின் கொழுந்தியாள் மரிய அனிதா. ஆன் மேரி அத்தைதான்.