கரி படாத சுவர்

1964 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நாலே கால் மணி. தூறல். மேற்கிலிருந்து காற்று. எங்கள் வாசலில் நின்றால் தெருமுனைக் குழாயடி தெரியாத அளவுக்கு மூடுபனி. இவ்வளவையும் நான் மறக்காமல் வைத்திருப்பதற்கு ஒரு ஜன்னல்தான் காரணம்.

அந்த ஜன்னல் இன்றும் இருக்கிறது. ஊட்டியில் அப்பா வாங்கிய அதே வீட்டின் முன்பகுதியை, கட்டில், மெத்தை, பிரிட்ஜ், இன்டர்நெட் எல்லாவற்றோடும், இரண்டு மாதம் மூன்று மாதம் என்று தங்க வருகிறவர்களுக்கு நான் வாடகைக்கு விடுகிறேன். ஒருநாள் இருந்துவிட்டுப் போகிறவர்கள் துண்டை எடுத்துக்கொண்டு போவார்கள். வருஷக்கணக்கில் இருப்பவர்கள் வீட்டையே தங்களுடையது என்பார்கள். நடுவில் உள்ளவர்கள் எனக்குக் கவலையை மட்டும்தான் தருகிறார்கள். இப்போது இருப்பது பெங்களூர் கம்பெனி ஒன்றின் வேலையை இங்கே உட்கார்ந்தே செய்யும் ஒரு பெண். வந்த மறுநாளே என்னைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், பெட்ரூம் ஜன்னல்ல மேல ஒரு கண்ணாடியே இல்லியே. வெறும் வலைதான் இருக்கு. ராத்திரி ஐஸ் மாதிரி காத்து வருது."

"அது அப்பிடித்தாம்மா. இன்னொரு கம்பளி தர்றேன்."

"ஒரு அட்டைய வெச்சு ஒட்டிக்கட்டுமா?"

"ஒட்டுனா அடுத்த நாளே காலி பண்ணிரோணும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, நிஜமாகவே காலி செய்துவிடுவாளோ என்று எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்த ஜூன் மாதம் எனக்கு ஒன்பது வயது. அப்பா ஒரு தேயிலை பாக்டரி ஆபீசில் குமாஸ்தா. கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாங்கள் மலையேறி வந்து முழுதாக ஒரு வருஷம் ஆகவில்லை. கடனையும் அம்மாவின் நகையையும் சேர்த்து அந்த வீட்டை வாங்கியிருந்தார். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் சாமான்களோடு வீடு கேட்பார்கள், நல்ல வாடகை கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் சாமான் வாங்கப் பணம் மிச்சமில்லை. ஆகவே எங்களிடம் இருந்த நல்லதெல்லாம் முன்வீட்டுக்குப் போனது. கட்டில்கள், சுவர்க் கடிகாரம், இட்லிக் கொப்பரை, என் சிவப்புக் கம்பளி. நாங்கள் பின்னால் தகரம் போட்ட இரண்டு அறைகளுக்குக் குடிபோனோம். வாடகைக்கு வந்தவர்கள் எங்கள் கட்டிலில் படுத்தார்கள். நாங்கள் சாக்கின்மேல் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, வீட்டு முதலாளி நாங்கள்தான் என்பதை அப்பா சொல்லித் தெரிந்துகொண்டோம்.

சீசன் முடிந்து வீடு காலியாக இருந்தபோது பொள்ளாச்சியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்தார். அவர் மகள் டைபாய்டில் கிடந்து எழுந்தவள். மலைக்காற்றில் மூன்று மாதம் வைக்கும்படி டாக்டர் சொன்னாராம். ஜூன் மாதத்து ஊட்டியை அந்த டாக்டர் பார்த்திருக்க மாட்டார். கடைக்காரர் மூன்று மாத வாடகையையும் முன்பணமாக எண்ணிக் கொடுத்து, மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். பணம் அன்றைக்கே கடனுக்குப் போய்விட்டது. அவர்கள் நடுவில் கிளம்பினால் திருப்பிக் கொடுக்க எங்களிடம் எதுவும் கிடையாது. அந்தப் பயத்தோடுதான் அப்பா தினமும் ஆபீஸ் போகும்முன் முன்வாசலில் போய் நிற்பார்.

"எல்லாஞ் சவுகரியமுங்களா?"

"சவுகரியந்தானுங்க ஊட்டுக்காரரே" என்பார் கடைக்காரர் மனைவி. "ஆனா புள்ளைக்குக் குளுருதுங்க."

குளிருகிறது என்ற அந்த ஒரு சொல் அப்பாவை நாள் முழுவதும் வாட்டும். ஜன்னலுக்குச் சாக்குத் திரை போட்டுக் கொடுத்தார். மறுநாளும் குளிர்ந்தது. அம்மாவின் பழைய சேலைகளைத் தைத்து மெத்தைக்குக் கீழே போட்டார். அப்போதும் குளிர்ந்தது.

பழைய காலத்து வீடு என்பதால் படுக்கையறையில் சுவரோடு ஒரு கணப்பு உண்டு. விறகு போட்டால் அறை சூடாகிவிடும். கூடவே சுவரும் கறுத்துவிடும். அப்பா சுண்ணாம்பு வாங்கிவந்து தன் கையால் வெள்ளையடித்த சுவர் அது. வாடகைக்கு விடும்முன்பே கணப்பின் வாயில் பலகை வைத்து ஆணியடித்திருந்தார்.

"அந்தப் பலகைய எடுத்துட்டு நாலு வெறகு போட்டுக்கட்டுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஐயோ, வெறகு வேண்டாமுங்க. செவுரு போயிரும். கரி போட்டுக்கலாமுங்க, பொகையே வராது."

எங்கள் குமுட்டி அடுப்பையே தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார். நாங்கள் பின்பக்கத்தில் அந்தக் கரி அடுப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கி வந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. எங்கள் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே என் கை நுழையும். மழை எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பாயை இழுத்துக்கொள்வோம்.

இரண்டு நாள் அமைதியாகப் போனது. சனிக்கிழமை காலையில் அந்த அம்மாள் மறுபடியும் சொன்னார்: "ஜன்னல் சந்துல காத்து ஊசியாட்டம் குத்துதுங்க."

அப்பா அரைநாள் லீவு போட்டார். மைதா மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பழைய செய்தித்தாளை நீளநீளமாகக் கீறி, முன்வீட்டின் ஒவ்வொரு ஜன்னலிலும் உள்பக்கமாக ஒட்டினார். கண்ணாடிகளின்மேலும் முழுத் தாளை ஒட்டினார். நான் பசைக் கிண்ணம் பிடித்தேன். எச்சில் தொட்ட விரலை ஒவ்வொரு சந்திலும் வைத்துப் பார்த்துவிட்டு, "இனி ஒரு ஈ நொழையாது" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அந்த மாதத்தில் நான் பார்க்கவில்லை.

அம்மா மட்டும் என்னிடம் சொன்னார்: "உங்கப்பன் ஊட்டையே கவர்ல போட்டு ஒட்டீட்டாரு. இனி ஸ்டாம்பு ஒட்டித் தபால்ல போடறதுதான் பாக்கி."

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு, வழக்கம்போல முன்வீட்டுக்குப் பால் கொண்டுபோனேன். கதவைத் தட்டினேன். பதில் இல்லை. திரும்பி வந்து, "தூங்கறாங்க போல" என்றேன்.

அப்பா நிமிர்ந்தார். "பகல்ல என்ன தூக்கம்? சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பீட்டாங்களா? கடியாரம் இருக்குதான்னு பாத்தியா?"

"ஆமா" என்றார் அம்மா. "சீக்காளிப் புள்ளையக் கையில புடிச்சுக்கிட்டு, செவுத்துக் கடியாரத்தத் தலைல வெச்சுக்கிட்டு பஸ் ஏறீட்டாங்களாக்கும்."

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே நானும் அம்மாவும் போனோம். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அதைத் தள்ளிப் பார்த்ததும் அப்பாவின் முகம் தெளிந்தது. கடிகாரம் உள்ளேதான் இருக்கிறது.

அம்மாவின் முகம் தெளியவில்லை. படுக்கையறை ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தார். எங்கள் செய்தித்தாள்தான் தெரிந்தது. கண்ணாடியைத் தட்டினார், கூப்பிட்டார். பிறகு வாசலில் சுற்றும் முற்றும் தேடினார்.

"ஏனுங்க, குமுட்டி எங்கீங்க?"

"உள்ளதான் இருக்கும். குளுருக்கு வெச்சிருப்பாங்க."

"கதவச் சாத்திட்டா?" அம்மாவின் குரல் மாறிவிட்டது. "பால்காரம்மா சொன்னாங்களே, ஏதோ எஸ்டேட்டுல வாட்ச்மேன் பொஞ்சாதி கரியப் போட்டுட்டுக் கதவச் சாத்திப் படுத்தவ எந்திரிக்கவே இல்லைன்னு. கண்ணாடிய ஒடைங்க!"

அப்பா ஜன்னலைப் பார்த்தார். அதில் ஆறு கண்ணாடிகள். மேல்வரிசை ஓரத்தில் இருந்தது ஏற்கெனவே கீறல் விட்டது. அதைத் தேர்ந்தெடுத்தார். குடையின் பிடியால் ஒரு தட்டுத் தட்டினார், முட்டையைத் தட்டுவதுபோல. உடையவில்லை.

"ஓங்கி அடிங்க! உசுருங்க!"

இரண்டாவது அடியில் அது உள்ளே விழுந்தது. கையை விட்டுக் கொக்கியை எடுத்து ஜன்னல் கதவை இழுத்தார். நாங்கள் ஒட்டிய தாள் நீளமாகக் கிழியும் சத்தம் கேட்டது. வேட்டியை மடித்துக்கொண்டு ஏறிக் குதித்தார். சற்று நேரத்தில் முன்கதவு திறந்தது.

அந்த அம்மாளை அம்மா தோளில் சாய்த்து இழுத்துவந்து படியில் உட்கார வைத்தார். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். அந்தப் பெண்ணை அப்பா என் சிவப்புக் கம்பளியோடு தூக்கிவந்து, தூறலிலேயே வாசல் கல்லில் கிடத்தினார். என் வயதுதான் இருக்கும். அவளுடைய கை தொங்கியது. கன்னம் சிவந்திருந்தது. மலைக்காற்று ஒத்துக்கொண்டுவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். கம்பளி நனைகிறதே என்றும் நினைத்தேன்.

அப்பா அவள் உள்ளங்காலைத் தேய்த்தார். கன்னத்தைத் தட்டினார். "கண்ணு, கண்ணு, முழிச்சுக்க கண்ணு" என்றார். என்னை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் தாய் எழுந்து வரப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். மழைத்துளிகள் அவள் நெற்றியில் விழுந்து காதுப்பக்கம் ஓடின. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒரே கணக்கு அதுதான்.

பிறகு அவள் உதடு அசைந்தது. முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, குளுருது."

அப்பா ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "குளுரட்டும் கண்ணு" என்றார். "நல்லாக் குளுரட்டும்."

பிறகு எழுந்தார். குடையை எடுத்தார். படுக்கையறை ஜன்னலில் மிச்சமிருந்த ஐந்து கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாக ஓங்கி அடித்து உடைத்தார். கூடத்து ஜன்னலுக்குப் போய் நான்கை உடைத்தார். சமையலறையில் மூன்று. அங்கேயெல்லாம் யாருமே இல்லை. கணப்பின் பலகையைக் காலால் உதைத்துப் பெயர்த்தார். அம்மா தடுக்கவில்லை. ஒரு தம்ளர் கீழே விழுந்தாலே வீட்டை இரண்டாக்குகிற அம்மா, தாயையும் மகளையும் எங்கள் தகர அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் எங்கள் பாயில் படுக்க வைத்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, காற்றுள்ள இடம்தான் மருந்து என்றார்.

கடைக்காரர் மறுநாள் பஸ்ஸில் வந்தார். அப்பா வாசலில் கைகட்டி நின்றார். "உங்க பணத்த நான் எப்பிடியாவது குடுத்தர்றனுங்க" என்றார். கடைக்காரர் உள்ளே போய் மகளைப் பார்த்தார், வெளியே வந்து ஜன்னல்களைப் பார்த்தார். "பணம் கெடக்குதுங்க" என்றார். "வெறகு எங்கீங்க கெடைக்கும்?" மூன்று மாதமும் அவர்கள் இருந்தார்கள். கணப்பு எரிந்தது. ஆகஸ்டில் அந்தச் சுவர் அடுப்படி போலக் கறுத்திருந்தது. அப்பா அதற்கு மறுபடி வெள்ளையடிக்கவே இல்லை.

அந்த வாரமே கடைவீதியிலிருந்து கண்ணாடிக்காரர் வந்தார். உடைந்தது பதின்மூன்று. கீறல் விட்டிருந்த அந்த ஒன்றுக்கு மட்டும் கண்ணாடி வேண்டாம், எலி நுழையாத கம்பிவலை அடியுங்கள் என்றார் அப்பா. கணக்கில் நான் வகுப்பில் முதல் பையன். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏம்ப்பா, அந்தக் கீறல் உட்டத ஒடச்சது போதுமில்ல? கதவுதான் தெறந்துருச்சே. மிச்சத்தையெல்லாம் எதுக்கு ஒடச்சீங்க?"

அப்பா வலை அடித்த இடத்தை ஒருமுறை பார்த்தார். பர்சைத் திறந்து ரூபாயை எண்ணினார். எண்ணி முடித்ததை மறுபடி முதலிலிருந்து எண்ணினார். செலவை நினைத்துத் தடுமாறுகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். கண்ணாடி பன்னிரண்டு, ஒன்று இரண்டரை ரூபாய். கூலி நான்கு ரூபாய். வலை ஒன்றே கால். வலையைத் தவிர மற்றதெல்லாம் வீண்செலவு என்பது என் முடிவு. மொத்தம் முப்பத்தைந்து ரூபாய் இருபத்தைந்து காசு.